கரை வளைவுகள்: பழைய வான்படங்களில் சென்னை

ஒரு நகரத்தின் பழமையை அறியக் கல்வெட்டும் கட்டடமும் தெருப்பெயரும் பெருமளவு உதவினாலும், அவை பெரும்பாலும் கட்டப்பட்டதைப் பற்றியே பேசுகின்றன. கட்டுவதற்காக மூடப்பட்டது எது, வடிக்கப்பட்டது எது, திசைமாற்றப்பட்டது எது என்னும் கேள்விகளுக்கு அவற்றிடம் விடை குறைவு. சென்னையைப் பொறுத்தவரை இந்தக் குறை பெரிது. பறங்கிமலை, பல்லாவரம் போன்ற சிறு குன்றுகளை விட்டால் மேடென்று சொல்ல அதிகம் இல்லாத இக்கடலோரச் சமவெளியில், நீருக்கும் நிலத்துக்கும் இடையே எல்லையாக நின்றது பல இடங்களில் சில அடி உயர மண்கரை மட்டுமே. அந்தக் கரையை உடைத்து, நீரை வடித்து, மனை போட்டுவிட்டால், சில ஆண்டுகளிலேயே அங்கே ஏரி இருந்தது தரையில் நிற்பவர் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். மேலிருந்து பார்ப்பவருக்கோ அது அத்தனை எளிதில் மறைவதில்லை. காரணமின்றி வளையும் சாலையிலும், மனைப்பிரிவுக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் முறியும் இடத்திலும், மழைநீர் தேங்கும் பரப்பின் வடிவத்திலும் பழைய ஏரியின் உருவம் நீண்டகாலம் தங்கியிருக்கிறது. அதனால்தான் வான்படங்கள், அதாவது பலூன், விமானம், செயற்கைக்கோள் ஆகியவற்றிலிருந்து நிலத்தை நோக்கி எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள், இந்நகரின் வரலாற்றுக்கு முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகின்றன.

வான்படம் எடுக்கும் முயற்சி ஒளிப்படக் கலை தோன்றிய இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே தொடங்கிவிட்டது. 1858இல் பாரிசுக்கு அருகே நாதார் என்னும் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் பலூனிலிருந்து எடுத்த படங்கள் இன்று இல்லை; 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரை எடுத்த படமே எஞ்சியிருப்பவற்றுள் பழமையானது. எனினும் இவை காட்சிப்பொருள்களாகவே இருந்தன. படத்தை அளவைக் கருவியாக மாற்றியது முதல் உலகப் போர்; எதிரியின் பதுங்குகுழிகளை நாள்தோறும் படமெடுத்து, நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிட்டு, எது புதிதாக முளைத்திருக்கிறது என்று கண்டறியும் பயிற்சியை அப்போர்க்களம்தான் வளர்த்தது. போர் முடிந்தபின் அத்திறன் நகரங்களின் பக்கம் திரும்பியது. ஷெர்மன் ஃபேர்சைல்டின் நிறுவனம் 1921இல் மன்ஹாட்டனையும், 1924இல் நியூயார்க் நகரம் முழுவதையும் படமெடுத்து, தனித்தனிப் படங்களை ஒட்டிச் சேர்த்து ஒற்றைப் பரப்பாக்கியது. இங்கிலாந்தில் தொல்லியலாளர் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, பயிரின் நிறவேறுபாட்டைக் கொண்டே மண்ணுக்கடியில் புதைந்த பழங்கால வரப்புகளையும் அகழிகளையும் வான்படத்தில் படித்துக் காட்டினார். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாயிருந்த பர்மாவில் ஐராவதிக் கழிமுகக் காடுகள் 1924இல் வானிலிருந்து அளக்கப்பட்டன.

சென்னை இதற்கெல்லாம் முன்பே நில அளவையின் தாய்வீடாக இருந்தது. நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகமும், 1794இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அளவைப் பள்ளியும் எழுந்தன. அந்தப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாகப் பிரித்தளந்த பேரளவைக்கான அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் 1802இல் பறங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலியிட்டு அளந்தார். இவ்வளவு துல்லியமான அளவை மரபு இருந்தும், அம்மரபு தந்த வரைபடங்கள் நகரத்தின் மாற்றத்தைக் காட்டப் போதவில்லை என்பதற்குக் காரணம் அவற்றின் நோக்கத்திலேயே இருக்கிறது. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தில் ஏரி என்பது ஒரு புல எண். அதன் எல்லைக்கோடு நிலையானது. கோடைக்காலத்தில் அது வறண்டு ஊரார் வெள்ளரி பயிரிட்டாலும், ஐப்பசி மழையில் அது கலங்கல் வழிந்தோடினாலும், கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது ‘ஏரிப் புறம்போக்கு’ என்றே நிற்கும். வரைபடம் உரிமையைப் பதிவு செய்கிறது. வான்படம் ஒரு குறிப்பிட்ட நாளில் நிலம் கிடந்த நிலையைப் பதிவு செய்கிறது. சென்னையின் மாற்றத்தை ஆராய்பவர் இவற்றில் ஒன்றை மட்டும் நம்பினால் தவறான முடிவுக்கே வருவார்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் வான்படம் எளிதில் கைக்கு வரும் பொருளாக இருக்கவில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதியின்றி யாரும் வானிலிருந்து படமெடுக்கவோ, எடுத்த படத்தைப் பார்க்கவோ இயலவில்லை. கடற்கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் 80 கிலோமீட்டருக்குட்பட்ட பகுதிகளின் நில அளவைத் துறை வரைபடங்களும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. கடற்கரை நகரமான சென்னையின் முழுப்பரப்பும் அதன் சுற்றுவட்டாரமும் இந்த வரம்புக்குள் அடங்கிவிட்டதால், தன் ஊரின் வரைபடத்தைக் காண விரும்பிய மாணவர்கூட விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கையும், அதைவிடத் தாராளமான 2021ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளும் வந்த பிறகே நிலைமை மாறியது. இடையில் ஆய்வாளருக்குக் கைகொடுத்தது, வேடிக்கையாக, அயல்நாட்டு உளவுத்துறையின் படச்சுருள்.

அமெரிக்கா 1960 முதல் 1972 வரை ‘கொரோனா’ என்ற மறைபெயரில் உளவுச் செயற்கைக்கோள்களை ஏவியது. அவை கருப்பு-வெள்ளைப் படச்சுருளில் உலகைப் படமெடுத்து, சுருள் அடங்கிய பெட்டகத்தைப் பாராசூட்டுடன் பூமிக்கு அனுப்பும். பசிபிக் கடலின்மேல் இறங்கும் அப்பெட்டகத்தை விமானம் ஒன்று கொக்கியால் வானிலேயே பிடித்துக்கொள்ளும். சோவியத் நாட்டின் ஏவுகணைத் தளங்களே முதன்மை இலக்கு என்றாலும், கேமரா இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியையும் பதிவு செய்தது. 1995 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் ஆணைப்படி, 8,60,000க்கும் மேற்பட்ட இந்த உளவுப் படங்களின் மறைதன்மை நீக்கப்பட்டது. தொடக்ககாலக் கேமராக்களில் 12 மீட்டர் அளவிலிருந்த பிரிதிறன், அதாவது படத்தில் தனித்து அறியக்கூடிய மிகச் சிறிய பொருளின் அளவு, இறுதிக்காலத்தில் 2 மீட்டருக்கும் குறைந்தது. பொதுமக்களுக்கான முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல் ஏவப்பட்டபோது அதன் பிரிதிறன் 80 மீட்டர்; இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988இல்தான் விண்ணுக்குச் சென்றது. எனவே, விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னையை வீடு வீடாக, வரப்பு வரப்பாகக் காண யாரும் வாங்கக்கூடிய சான்றாகக் கொரோனாச் சுருள்களைவிடச் சிறந்தது அரிது.

ஆயினும் அந்தச் சுருளை அப்படியே வரைபடத்தின்மேல் வைத்துவிட முடியாது. 70 மில்லிமீட்டர் அகலமும் முக்கால் மீட்டர் நீளமும் கொண்ட ஒவ்வொரு படத்தையும் கேமரா பக்கவாட்டில் வீசி எடுத்ததால், நடுப்பகுதி உள்ள அளவில் ஓரங்கள் இருப்பதில்லை. ஓரத்துக்குச் செல்லச் செல்ல நிலம் தொலைவாகி, ஒரே நீளமுள்ள தெரு படத்தில் குறுகிவிடும். இதைச் சீர்செய்ய, அன்றும் இன்றும் இடம் மாறாத புள்ளிகளைப் படத்தில் கண்டுபிடித்து, அவற்றின் இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளோடு கணினியில் பொருத்த வேண்டும். சென்னையில் இதற்கு உகந்தவை கோயில் குளங்களே. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் நான்கு மூலைகளும், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளத்தின் மூலைகளும் கருநிறச் சதுரங்களாகத் தெளிவாகத் தெரிகின்றன. கோட்டையின் கொத்தளங்களும், இருப்புப்பாதைகள் பிரியும் இடங்களும் அடுத்த நிலையில் உதவுகின்றன. புறநகருக்குச் சென்றால்தான் இடர்ப்பாடு, ஏனெனில் அங்கே அறுபதாண்டுக்காலம் மாறாமல் நின்ற பொருள் எதுவென்று தேடுவதே பாதி வேலையாகிவிடும்.

நாள் குறிக்கப்படாத பழைய வான்படங்களுக்குக் கட்டடங்களே நாட்காட்டி. அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் படத்தில் சிறு வெண்புள்ளியாகவே இருக்கும். அதன் நிழல்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். சுற்றியுள்ள கூரைகள் எல்லாம் குட்டையாக இருந்த காலத்தில் அந்த நிழல் மட்டும் பல மனைகளைத் தாண்டி நீண்டு விழுந்ததால், அது இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு படம் எடுத்த காலத்தை வரையறுக்கலாம், அது விழும் திசையையும் நீளத்தையும் கொண்டு படமெடுத்த வேளையையும் கணக்கிடலாம். அடையாற்றின்மேல் பழைய எல்ஃபின்ஸ்டன் பாலம் மட்டும் தெரிந்தால் படம் 1970களின் தொடக்கத்துக்கு முந்தையது, பக்கத்தில் திரு.வி.க. பாலமும் தெரிந்தால் பிந்தையது.

ஆண்டைவிட மாதம் முக்கியம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளின் படங்களை அருகருகே வைத்து, முன்னதில் நீர், பின்னதில் வெற்றுநிலம் என்று காட்டி, ஏரி அழிந்துவிட்டதாக அறிவிக்கும் வழக்கம் இதழ்களில் பெருகியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இந்நிலப்பரப்பில் ஜனவரியில் ததும்பும் ஏரி ஜூனில் மாடு மேயும் திடலாவது இயல்பு. ஏரி என்பதே நிறைந்து வற்றுவதற்காக அமைந்தது. எனவே நீரின் பரப்பை வைத்து மட்டும் ஏரியை அளக்கக் கூடாது. கரை தொடர்ச்சியாக இருக்கிறதா, பாசனத்துக்கு நீர்விடும் மதகுக்குக் கீழே வயல் உண்டா, மிகுநீர் வெளியேறும் கலங்கலிலிருந்து கால்வாய் அடுத்த ஏரிக்குச் செல்கிறதா என்பவற்றை வைத்தே ஏரி உயிரோடிருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும். கருப்பு-வெள்ளைப் படத்தில் ஆழ்ந்த தெளிநீர் கருமையாகவும், கலங்கிய ஆழமற்ற நீர் சாம்பல் நிறமாகவும், காய்ந்த மணல் வெண்மையாகவும் விழும். ஈரமண்ணும் நீரைப் போலவே கருப்பதால், ஏரி முடிந்து வயல் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே நிலத்தைச் சற்று வேறுபட்ட கோணங்களில் எடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோஸ்கோப் என்னும் இரட்டைவில்லைக் கருவியின் அடியில் வைத்து நோக்குவார்கள். அப்போது கரை மேடாக எழும்பித் தெரியும்.

செங்கல்பட்டு, சென்னைப் பகுதிகளில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கிச் சரிவதால், ஏரிக்கரைகள் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் வில்போல் வளைந்து அமைந்தன; கரைக்குக் கிழக்கே ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரிநீரால் பயிராகும் நிலம்; அதற்குக் கிழக்கே அடுத்த ஏரி. ஒன்றின் வடிநீர் மற்றொன்றின் வரத்தாகும் இச்சங்கிலித் தொடரை வரைபடத்தில் எண்களாகக் காணலாம் என்றால், வான்படத்தில் அது இயங்கும் உருவமாகவே தெரிகிறது. அடுத்தடுத்த பத்தாண்டுகளின் படங்களை வரிசையாக வைத்து நோக்குபவருக்கு ஏரி அழியும் முறையும் புலப்படும். ஏரியின் நடுவே வீடு முளைப்பது கடைசிக் காட்சி. பெரும்பாலும் முதலில் மறைவது ஆயக்கட்டு: வயல்கள் மனைகளாகின்றன, சிறு வரப்புகளின் தாறுமாறான வலைப்பின்னல் மறைந்து நேர்க்கோட்டுத் தெருக்கள் தோன்றுகின்றன. மதகைத் திறக்க யாரும் இல்லாதபோது வாய்க்கால் தூர்ந்து, அதுவே தெருவாகிறது. மராமத்து செய்யும் ஆட்கள் இல்லாத கரை, மேடான இடம் என்பதால் குடிசைகளுக்கும் பின்னர் சாலைக்கும் இடமாகிறது. அதன் பின்னரே ஏரிப்படுகை அரசு அலுவலகத்துக்கோ குடியிருப்புத் திட்டத்துக்கோ ‘பயன்பாடற்ற நிலம்’ என்று ஒதுக்கப்படுகிறது. ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லால் இவ்வளவு நீண்ட நிகழ்ச்சியை விளக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏரியைக் காத்தவர் உழவர், உழவர் போனபின் ஏரிக்குக் காவல் இல்லை.

அரசே முன்னின்று ஏரியை ஊராக்கியதற்குப் பழைய சான்று தியாகராய நகர். மவுண்ட் ரோடுக்கு (இன்றைய அண்ணா சாலைக்கு) மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை ஆங்கில வரைபடங்கள் ‘நெடிய ஏரி’ என்று குறித்தன. வெள்ளையர் அங்கே படகுப் போட்டி நடத்தினர். 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் 1925 வரையான காலத்தில் அந்த ஏரியின் மாம்பலப் பகுதி வடிக்கப்பட்டுத் திட்டமிட்ட குடியிருப்பு உருவாயிற்று. பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகள் விரியும் அமைப்பு வான்படத்தில் முதல் பார்வையிலேயே தெரிவது; சுற்றிலும் பழைய கிராமங்களின் தெருக்கள் தம் போக்கில் வளைந்து செல்ல, இந்தப் பகுதி மட்டும் மேசைமேல் அளவுகோல் வைத்து வரைந்த படமாக நிற்கிறது. வான்படங்கள் பரவலாவதற்கு முன்பே இந்த ஏரி மறைந்துவிட்டதால், இங்கே ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைபடத்தின் ஏரிக்கோட்டை எடுத்துப் பிற்காலப் படத்தின்மேல் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்டு ரோடும், மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும் ஏரி போனபின்னும் பெயரளவில் கரையைக் காத்து வருகின்றன. எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஐம்பதாண்டு இடைவெளியில், ஒன்றுக்கொன்று முற்றும் மாறுபட்ட ஆட்சிகள், ஒரே ஏரியைக் காலி மனையாகக் கண்டிருக்கின்றன.

தெற்கே பள்ளிக்கரணையின் கதை வேறு. அது மனிதர் கட்டிய ஏரி அன்று. தாம்பரம், வேளச்சேரி, மேடவாக்கம் பகுதிகளின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் வந்து பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் அருகே கடலில் கலக்கும் சதுப்புநிலம். வட்டார மக்கள் அதைக் கழுவெளி என்றனர். 1960களில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடப்படும் இந்நிலம் ஐம்பதாண்டுகளில் அதன் சிறு பங்காகச் சுருங்கியது. அக்காலப் படங்களில் கழுவெளிக்குத் தெளிவான எல்லையே இல்லாதது இங்கே கவனிக்கத்தக்கது: ஏரிக்குக் கரை உண்டு, கழுவெளிக்கோ கருமை மெல்லச் சாம்பலாகி, சாம்பல் மெல்ல வெளுக்கும் ஓரம்தான் உண்டு. எல்லை இல்லாத ஒன்றைப் புல எண்ணுக்குள் அடக்கப் பழகிய வருவாய்ப் பதிவேடு அதைத் தரிசு போன்ற வகைகளில் சேர்த்தது. தரிசுக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, பறக்கும் ரயில் நிலையம், கல்வி நிறுவனங்கள், மென்பொருள் வளாகங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதாம். பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டியபின், பிற்காலப் படங்களில் சாலைக்கு வடக்கும் தெற்கும் இரு வேறு நிறத்தில் தெரிகின்றன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது 1,247 ஹெக்டேர். இவற்றுள் எதை ‘பழைய எல்லை’ என்று கொள்வது என்ற வழக்கு எழும்போது, மழை முடிந்த மாதத்துப் படமா, கோடைப் படமா என்பதே முடிவை மாற்றிவிடும்.

கடற்கரையில் மாற்றம் இரு திசைகளிலும் நிகழ்ந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே நீர் நிலமாயிற்று, வடக்கே நிலம் நீராயிற்று. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியும் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தெற்கே தேக்கின. முன்பு அலை கோட்டைச் சுவருக்கு அருகில் வரை வந்திருந்த இடத்தில் அகன்ற மணற்பரப்பு உருவாக, வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம், திருவொற்றியூர்க் கடற்கரைகள் அரிக்கப்பட்டன. மெரினாவின் அகலத்தைப் புகழ்பவர் அதற்கான விலையைக் கட்டியது வடசென்னையின் மீனவக் குப்பங்கள் என்பதைத் துறைமுகத்தின் இருபுறமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் படத்தில் ஒரு பார்வையிலேயே உணரலாம். சுவருக்குத் தெற்கே வெண்மை தடித்தும், வடக்கே கருங்கல் கொட்டிய கோடு மெலிந்தும் தெரியும்.

கால்வாயிலும் ஆற்றிலும் நேர்ந்தவை எளிதில் சொல்லக்கூடியவை. பழைய படங்களில் திறந்த நீர்ப்பாதையாகத் தெரியும் பக்கிங்காம் கால்வாயின் நகர்ப்பகுதியில் பறக்கும் ரயில் பாதையின் தூண்கள் இறங்கின. அடையாற்றின் வெள்ளச் சமவெளியாயிருந்த நிலத்தில் வளர்ந்த விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை, ஆற்றின்மேல் பாலம் அமைத்தே நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது.

இவ்வளவு சொல்லும் வான்படத்துக்கு ஆட்களைப் பற்றிச் சொல்லத் தெரியாது. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் பழைய படங்கள் நெருக்கமான ஓலைக்கூரைகளை மங்கிய பொறிப்பொறியாகக் காட்டுகின்றன. புதிய படங்களில் அவற்றுள் பல இடங்கள் வெற்றுக்கரையாக இருக்கின்றன. அதே காலத்தில், நகருக்குத் தெற்கே ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் ஒரே அச்சில் வார்த்த அடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாகத் தோன்றுகின்றன, அதுவும் கழுவெளியின் ஓரத்திலேயே. ஒரு படத்தில் மறைந்த கூரைகளுக்கும் மற்றொரு படத்தில் எழுந்த அடுக்குகளுக்கும் உள்ள தொடர்பு எந்தப் பிரிதிறனிலும் தெரிவதில்லை. ஆற்றங்கரையில் வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பம் எந்த ஆண்டு, எந்த ஆணைப்படி, எத்தனை கிலோமீட்டர் தள்ளி மற்றொரு வெள்ளநிலத்துக்கு மாற்றப்பட்டது என்பதை அன்றைய குடிசை மாற்று வாரியத்தின் ஒதுக்கீட்டுப் பதிவுகளிலும், இரு தொகுதிகளின் வாக்காளர் பட்டியல்களிலும், பள்ளி மாற்றுச் சான்றிதழ்களிலும் தேடித்தான் அறிய வேண்டும்.